விசுவாசமும் விஞ்ஞானமும் வீட்டுக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் பேசுமாறு நம்மைப் பணித்த செயலாளர், "உங்கள் சமயத்தைப் பற்றியே பேசலாம், ஆனால் அஃது எல்லார்க்கும் பயன்படுவதாக இருக்கட்டும்" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார். வங்க நாட்டில், இந்த ரெயில்வே குடியிருப்பில், சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறிஸ்தவரும் தமிழர் என்ற ஒரே உறவால் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறோம். ஆதலின் சமயப் பிரசாரம் இவ்வுரையின் நோக்கமன்று. கிறிஸ்தவ விசுவாசம் உடைய ஒருவன் விஞ்ஞானத்தை எவ்வாறு கொள்ள வேண்டும்? இரண்டையும் கைக்கொண்டு, தன் பொழுதிலும் தன் பணத்திலும் எதற்கு முதலிடம் தர வேண்டும்? இவையே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

விசுவாசமும் விஞ்ஞானமும் கீரியும் பாம்பும் என்பார் ஒரு சாரார். கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளுள் சிலர் இக்கட்சியினர். "பௌதிகம் படித்தவன் கோயிலுக்குப் போவது எப்படி?" என்று கேட்கின்றனர். இன்னொரு சாரார், அணுகுண்டும் ஆகாய விமானமும், இப்போது கைபேசியுங்கூட, வேதாகமத்தில் முன்னரே உரைக்கப்பட்டுள்ளன என்று வசனங்களை வளைத்து வளைத்துக் காட்டுவர். அவ்வாறாயின் அவற்றை ஏன் ஒருவரும் முன்கூட்டியே செய்து தரவில்லை என்று கேட்டால் சினம் கொள்வர். இவ்விரு திறத்தாரோடும் நமக்கு உடன்பாடில்லை. வாதத்தால் இவ்வழக்கைத் தீர்க்க முயல்வதினும், இரண்டையும் ஒருங்கே கொண்டு வாழ்ந்த ஒருவரின் வாழ்வைப் புரட்டிப் பார்ப்பது நலம்.

அவர் மைக்கேல் பாரடே. 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனை அடுத்த நியூவிங்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டக் கொடுத்த நூல்களையெல்லாம் படித்தார். 1812இல் சர் ஹம்பிரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளைத் தம் கையாலேயே அழகாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிக்கு உதவியாளராக இடம் கிடைத்தது. உயர்ந்த கணிதம் அவருக்கு இறுதிவரை கைவரவில்லை. மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட நம் போன்றோர்க்கு இஃது ஓர் ஆறுதல். ஆனால் அவர் அந்த ஆறுதலோடு உறங்கிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவருடைய குடும்பம் சாண்டிமானியர் என்னும் மிகச் சிறிய கிறிஸ்தவச் சபையைச் சார்ந்தது. ஊதியம் பெறும் குருமார் அச்சபைக்கு இல்லை. சபையாரே மூப்பர்களைத் தேர்ந்து கொள்வர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும், அதன் இடையே எல்லாரும் கூடி உண்ணும் பொது உணவும் அவர்களுக்கு விட்டுவிட முடியாத கடமைகள். பொருளைக் குவித்து வைத்தல் ஆகாது என்ற இயேசுவின் போதனையை அவர்கள் அணிமொழியாகக் கொள்ளாமல் கட்டளையாகவே கொண்டனர்.

1821ஆம் ஆண்டைச் சற்றே உற்று நோக்குவோம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பாரடே சாரா பர்னார்டு என்னும் நங்கையை மணந்தார். ஜூலையில் சபையார் முன் நின்று தம் விசுவாசத்தை அறிக்கை செய்து அங்கத்தினரானார். செப்டம்பரில், மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதைச் செய்து காட்டினார். இன்று இம்மண்டபத்தில் நமக்கு மேலே சுழலும் விசிறிக்கு வித்து அதுவே. இல்லறம், சமயம், ஆராய்ச்சி ஆகிய மூன்றும் ஒரே கோடையில் அவர் வாழ்வில் வேரூன்றின. ஒன்றுக்கு இடந்தர மற்றொன்றை அவர் வெளியேற்றவில்லை.

பத்தாண்டு கழித்து, 1831 ஆகஸ்டு 29ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தும்போதும் நிறுத்தும்போதும் மற்றொன்றில் மின்சாரம் கணப்பொழுது எழுவதைக் கண்டார். நம் ரெயில்வே நண்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1957இல் நம் நாட்டு ரெயில்வே ஏற்றுக்கொண்ட மாறுமின்சார முறையில் பாதையின் மேலே செல்லும் கம்பியில் உள்ளது 25,000 வோல்ட். அதை வாங்கித் தணித்து மோட்டார்களுக்குத் தருவதற்கென்று ஒவ்வொரு மின்சார எஞ்சினுள்ளும் அமர்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மர், பாரடேயின் அந்த வளையத்தின் பேரப்பிள்ளையே.

இனி அவருடைய வரவு செலவுக்கு வருவோம். அவருக்குப்பின் அதே நிறுவனத்தில் பணியாற்றிய டிண்டால் என்னும் விஞ்ஞானி, பாரடேயின் கணக்கேடுகளைப் பார்த்து ஒரு செய்தியை எழுதி வைத்துள்ளார். தொழிற்சாலைகளுக்கும் வணிகர்களுக்கும் ஆய்வு செய்து கொடுத்த வகையில் 1831இல் பாரடேக்குக் கிடைத்தது 1,000 பவுனுக்கு மேல். 1832இல் கிடைத்ததோ 155 பவுன். தொழில் நலிந்ததன்று. அந்த வளையத்தின் வழியே திறந்த ஆராய்ச்சிக்குத் தம் பொழுது வேண்டுமென்று அவரே அவ்வேலைகளைக் குறைத்துக்கொண்டார். பின்னர் அறவே விட்டார். நிறுவனம் தந்த ஊதியம் சிறியதே. ஆயினும் அவர் துறவியல்லர். அரசாங்கம் அளித்த ஓய்வுத்தொகையை ஏற்றார். 1836 முதல் கலங்கரை விளக்கங்களுக்கு ஆலோசகராயிருந்து, முதுமையிலும் கடற்கரைகளுக்குச் சென்று விளக்குகளைச் சோதித்தார். கப்பலோட்டியின் உயிரைக் காக்கும் வேலைக்கு நேரம் இருந்தது. பணத்தை மட்டும் பெருக்கும் வேலைக்கு நேரம் இல்லை.

இதனை ஒரு நண்பரிடம் நாம் கூறியபோது அவர் சிரித்து, "பாரடேக்குப் பிள்ளைகள் உண்டா?" என்றார். இல்லை என்றோம். "அப்படிச் சொல்லுங்கள்! மணம் செய்து கொடுக்க இரண்டு பெண்களும், ஊரில் பாதியில் நிற்கும் ஒரு வீடும் இருந்தால் தெரியும்" என்றார். நண்பரின் வழக்கு நியாயமானதே. ஓவர்டைம் வேண்டாமென்றோ வைப்புநிதி வேண்டாமென்றோ யாரையும் நாம் வற்புறுத்தவில்லை. நாம் வியப்பது வேறு. "இவ்வளவு போதும்" என்ற ஓர் எல்லையைப் பாரடே வகுத்துக் கொண்டார். எல்லை எவ்வளவு என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறலாம். எல்லையே இல்லாமல் ஓடுவதுதான் நம்மிடையே மிகுதி.

விசுவாசம் அவருடைய சோதனைச்சாலையில் என்ன செய்தது? படைத்தவன் ஒருவனாதலால், இயற்கையில் உள்ள ஆற்றல்கள் யாவும் அடியில் ஒன்றோடொன்று தொடர்புடையனவாகத்தான் இருக்கும் என்பது அவருடைய ஆழ்ந்த நம்பிக்கை. அந்நம்பிக்கை துரத்த, ஒளிக்கும் காந்தத்துக்கும் தொடர்பு தேடினார், 1845இல் கண்டார். பிறகு புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு தேடினார். கம்பிச் சுருளினூடே பொருள்களை உயரத்திலிருந்து விழச்செய்து, மின்சாரம் எழுகிறதா என்று நுண்கருவியால் நோக்கினார். எழவில்லை. விரும்பிய விடை வராதபோது அவர் அளவைத் திருத்தவுமில்லை, ஏட்டை மூடி ஒளிக்கவுமில்லை. தொடர்பு உண்டென்ற எண்ணம் தமக்கு இன்னும் உளதென்றும், ஆயின் சோதனை அதற்குச் சான்று தரவில்லையென்றும், 1850இல் ராயல் சொஸைட்டியின் முன் வெளிப்படையாக உரைத்தார். 1859இல் உயர்ந்த ஒரு கோபுரத்தில் ஈயக் கட்டிகளைக் கொண்டு மீண்டும் முயன்றார். அப்போதும் விடை இல்லை என்பதே.

அன்பர்களே, நம் உரையில் எதை மறந்தாலும் இதை மறவாதிருக்க வேண்டுகிறோம். எதைத் தேடுவது என்று அவருடைய விசுவாசம் சொல்லிற்று. என்ன கிடைத்தது என்று சொல்லும் உரிமையைச் சோதனைக்கே விட்டார். பொய் சொல்லாதே என்ற கட்டளை ஆராய்ச்சி ஏட்டுக்கும் பொருந்தும் என்று அவர் கொண்டார். சமயத்தையும் இயற்கை ஆராய்ச்சியையும் ஒன்றோடொன்று கட்டிப்போட வேண்டுவதில்லை என்று 1844இல் ஒரு பெருமாட்டிக்கு அவர் கடிதமும் எழுதினார்.

விசுவாசி என்றால் எதையும் நம்புகிறவன் என்று கருதுவோர்க்கு 1853ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று உண்டு. அக்காலத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்து கைகளை அதன்மேல் வைத்தால் ஆவிகள் வந்து மேசையைத் திருப்பும் என்ற வேடிக்கை இலண்டனில் பரவியிருந்தது, படித்தோரும் நம்பினர். பாரடே கைகளுக்கும் மேசைக்கும் இடையே அட்டைகளை மெல்லிய பசையால் ஒட்டி அடுக்கி வைத்தார். மேசை கையை இழுத்ததா, கை மேசையைத் தள்ளியதா என்பதை அட்டைகள் விலகிய வகை காட்டிவிட்டது. தள்ளியது கைதான், அமர்ந்திருந்தவர்களே அதனை அறியவில்லை. அவர்கள் கண்முன் ஒரு முள்ளை வைத்து, கை தள்ளினால் அசையுமாறு செய்தவுடன் மேசை நின்றுவிட்டது. இச்செய்தியை அவர் இலண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளியிட்டார். அப்போது அவர் ஞாயிறு தவறாமல் சபைக்குச் செல்பவரே.

இதனை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் நீரிழிவு நோயுள்ள ஒரு மூதாட்டி, ஊர் ஊராய்ச் சென்ற பிரசங்கியார் ஒருவரின் சொல்லைக் கேட்டு, மருந்தை நிறுத்துவதே விசுவாசம் என்று இன்சுலினை நிறுத்திவிட்டார். ஆறாம் நாள் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. பிழைத்தார், ஆனால் மாப்பிள்ளையும் மகளும் அந்த ஒரு வாரத்தில் பட்ட பாட்டை அண்டை வீட்டார் அனைவரும் அறிவர். அவருக்காக நாம் ஜெபித்தோம், இனியும் ஜெபிப்போம். சர்க்கரையின் அளவைச் சொல்ல வேண்டியது இரத்தப் பரிசோதனை. அதைப் பிரசங்க மேடை சொல்லலாகாது. மருந்தை நிறுத்தச் சொல்லும் எவரையும் எச்சபையும் மேடையேற்றலாகாது என்பது நம் உறுதியான கருத்து.

பாரடேயை 1840இல் சபை மூப்பராகத் தேர்ந்தது. 1844இல் அதே சபை அவரைச் சில வாரம் விலக்கி வைத்தது. ஐரோப்பா முழுதும் புகழ்ந்த அவர் பணிந்து திரும்பிச் சென்று அங்கத்தினராக அமர்ந்தார். மீண்டும் மூப்பராகப் பதினாறு ஆண்டுகள் ஆயின. பின்னாளில் ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோதோ, வேண்டாமென்று மறுத்தார். எந்த அவையில் தமக்கு எந்த இடம் என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை.

இங்கிலாந்தில் மட்டுந்தானோ என்று கேட்பீராயின், நாம் பிழைக்க வந்த இவ்வங்க நாட்டிலேயே ஒருவர் உண்டு. பெல்ஜிய நாட்டினரான லபோன் பாதிரியார் 1865இல் கல்கத்தா வந்து, புனித சேவியர் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். அவரிடம் பயின்றவருள் ஒருவர் ஜகதீச சந்திர போஸ். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது, உற்ற துணையாய் நின்று ஆண்டுக்கணக்கில் பொதுமக்களுக்குச் சோதனைகளுடன் விரிவுரை நிகழ்த்தியவர் இப்பாதிரியாரே. சர்க்கார் இந்து, லபோன் கத்தோலிக்கத் துறவி. அவர்கள் கட்டிவைத்த அச்சாலையில்தான், 1907இல் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்த நம் தமிழர் சி. வி. ராமன் அலுவலக நேரம் போக எஞ்சிய காலையும் மாலையும் ஆராய்ச்சி செய்தார். பின்னர்ப் பேராசிரியராகி, 1928இல் ராமன் விளைவைக் கண்டதும் அங்கேதான். அந்தப் பாதிரியாரின் மாலைப் பொழுதுகள் இல்லையேல் நமக்கு இப்பெருமை இத்துணை எளிதில் வாய்த்திருக்குமா?

மாலைப் பொழுது என்றதும் நம் வீட்டுக் கடிகாரம் நினைவுக்கு வருகிறது. நம் குடியிருப்பில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில்தான் தனிப்பயிற்சி. கிறிஸ்தவப் பிள்ளைக்கு ஆராதனை போயிற்று. மற்றப் பிள்ளைகளுக்குத் தாய்தந்தையரோடு அமர்ந்து உண்ணும் ஒரே காலை உணவும் போயிற்று. விஞ்ஞானத்துக்காகத்தானே என்கிறோம். அவ்வகுப்பில் வினாவும் விடையும் நெட்டுருச் செய்கின்றனரேயன்றி, ஒரு காந்தத்தையேனும் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளை நாம் விசாரித்தவரையில் ஒருவருமில்லை. ஆராதனையை விட்டுப் பெற்றது விஞ்ஞானமும் அன்று என்றால், நாம் எதை எதற்கு விற்றோம்?

ஆகவே செயற்குழுவினர் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்க்கென விஞ்ஞான விரிவுரைகள் நடந்து வருகின்றன. பாரடே அங்கே ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு நாள் பேசினார். வரும் டிசம்பர் விடுமுறையில் சனிக்கிழமை மாலைகளில் சங்க மண்டபத்தை நமக்குத் தரவேண்டும். எச்சமயத்துப் பிள்ளையும் வரலாம். லோகோ ஷெட்டைச் சேர்ந்த நண்பர்கள் இருவர் கம்பிச் சுருளும் காந்தமும் கொண்டு வர இசைந்துள்ளனர். தனிப்பயிற்சி ஆசிரியரிடமும் ஞாயிறு வகுப்பை வேறு நாளுக்கு மாற்றுவது பற்றிப் பேசியுள்ளோம். பெற்றோர் பத்துப்பேர் சேர்ந்து கேட்டால் மாற்றுவதாகக் கூறியிருக்கிறார். இதுவரை ஆறுபேர் கையொப்பமிட்டுள்ளனர்; தாள் நம் சட்டைப்பையில் இருக்கிறது. செலவு பெரிதன்று: மெழுகுவர்த்தி இரண்டு பொட்டலம், வளைந்த கண்ணாடிக் குழாய் நான்கு, ஒரு கரண்டி. குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவிலுள்ள கருமையில் வைத்தால், மறுமுனையில் வரும் ஆவியைக் கொளுத்தி இன்னொரு சுடர் எழுப்பலாம். குளிர்ந்த கரண்டியைச் சுடருக்கு மேலே பிடித்தால் நெருப்பிலிருந்து நீர்த்துளி பிறப்பதைப் பிள்ளைகள் காண்பர். பெரியவர்களும் பின்வரிசையில் அமரலாம்.