ஆள் காட்டும் விரல்

(திருக்காட்டுப்பள்ளியில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை எரித்துக் கொன்றார்கள். வந்தவர்கள் யார் என்று நம் மக்கள் சாட்சி சொன்னார்கள். கீழ்க்கோர்ட் 1970-ல் 8 பேரைத் தண்டித்தது. 1973-ல் ஹைகோர்ட், கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் நடந்துவந்தா தீ வைத்திருப்பார்கள் என்று ஐயுற்று, அவர்களை விடுதலை செய்தது.

நாம் ஆள் காட்டினால் கதை இப்படி. நம்மைக் காட்டினால்?

குடமுருட்டிக் கரையில் ஒரு அறுவடைத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். இருட்டுகிற நேரம். யாரோ தடியால் அடித்துவிட்டு ஓடுகிறான். "பெயர் தெரியாத ஐந்து பேர்" என்று கேஸ் எழுதி, மறுநாள் நம் தெருவில் ஐந்து பேரைப் பிடிக்கிறார்கள். அந்த ஐவர்தான் இந்த ஐவரா என்று பார்ப்பதற்குத்தான் அடையாள அணிவகுப்பு.

அதை நடத்த வேண்டியவர் மாஜிஸ்திரேட், போலீஸ் அல்ல. வயது, உயரம், தோற்றம், வாழ்க்கை நிலை இவற்றில் ஒத்த வேற்று ஆட்களோடு கைதியைக் கலந்து நிறுத்த வேண்டும் என்பது விதி. வெயிலில் கருத்து, காலில் சேற்றுப்புண்ணோடு நிற்பவனைச் சலவை வேட்டிக்காரர்கள் நடுவே நிறுத்தினால் சின்னப் பிள்ளையும் காட்டிவிடுமே! எந்த இடத்தில் நிற்பது என்பது கைதியின் விருப்பம். ஆட்சேபணை உண்டா என்று மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும். கேட்கும்போது வாயடைத்து நிற்காதீர்கள்.

ஆனால் வினை அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஸ்டேஷன் வாசலில் சாட்சியை உட்காரவைத்து, கைதியை அந்த வழியாகவே நடத்திப் போவது. இப்போது செல்போனில் போட்டோ காட்டுவது. பிறகு அவன் காட்டுவது களத்தில் பார்த்த முகத்தையா, ஸ்டேஷனில் பார்த்த முகத்தையா? அவனுக்கே தெரியாது. அவன் பொய்யன் என்று நான் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சத்தியம் செய்வான். அமெரிக்காவில் 1989 முதல் 2020 வரை மரபணுச் சோதனையால் 375 பேர் நிரபராதிகள் என்று தெரியவந்தது. அவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் வழக்கில், பார்த்தவர் ஆளை மாற்றிக் காட்டியிருந்தார்.

1951-ல் பம்பாய் லாயிட்ஸ் பாங்கிக் கொள்ளை வழக்கு. போலீஸார் முன்நின்று நடத்தும் அணிவகுப்பில் சாட்சி ஆள் காட்டுவது போலீஸிடம் தரும் வாக்குமூலத்துக்குச் சமம், அதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 1955-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

ஆகவே, பிடிபட்டவர் கோர்ட்டுக்குப் போகும்போது துண்டால் முகத்தை மூடிக்கொள்ளட்டும். இதில் வெட்கம் ஒன்றுமில்லை. முன்பே யாரிடமாவது காட்டியிருந்தால், போட்டோ எடுத்திருந்தால், எந்த நாள், எந்த இடம் என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி எழுதவைக்க வேண்டும். அணிவகுப்புக்கே வரமாட்டேன் என்று சும்மா மறுத்துவிடாதீர்கள். அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்வார்கள். காரணம் சொல்லுங்கள், காகிதத்தில் ஏறட்டும்.