இடர்க்காலக் கடனும் தனி வணிகரும்

(விழா அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வவையில் அமர்ந்திருப்போருள் பலர் தனியொருவராகத் தொழில் நடத்துவோர். கூட்டாளி இல்லை; குழுமம் இல்லை; கடையின் பொறுப்பு முழுவதும் ஒருவர் தோள்மீதே. இத்தகைய வணிகருக்குத் திடீரென இடர் நேர்ந்தால் வங்கிக் கடன் கிட்டுமா என்னும் வினாவை உங்கள் முன் வைக்க விழைகின்றேன். 2020ஆம் ஆண்டு பிரிட்டனில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

கொரோனாப் பெருந்தொற்றால் அந்நாட்டுக் கடைகள் அடைபட்டபோது, சிறுதொழில்களைக் காக்க 'பவுன்ஸ் பேக்' என்னும் கடன் திட்டத்தை அரசு மே 4ஆம் நாள் தொடங்கிற்று. ஆண்டு விற்றுமுதலில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல், 2,000 பவுண்டு முதல் 50,000 பவுண்டு வரை பெறலாம். முதல் ஓராண்டுக்குத் தவணையோ வட்டியோ கட்ட வேண்டுவதில்லை. அதன்பின் வட்டி ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. கடன் திரும்பாவிடில் வங்கிக்கு முழுத் தொகைக்கும் அரசே பிணை.

இத்துணைத் தாராளமான திட்டத்திலும் தனி வணிகர் பலர் வாயிலில் நின்றனர். கடனை வழங்கியவை வங்கிகள். அவற்றுள் பல, தம்மிடம் முன்பே வணிகக் கணக்கு வைத்திருந்தோர்க்கே வழங்கின. ஆனால் பிரிட்டனில் தனி வணிகர் வணிகத்திற்கெனத் தனிக்கணக்கு வைத்திருத்தல் சட்டப்படி கட்டாயமன்று. முடிதிருத்துவோர், தச்சர், வாடகைக் கார் ஓட்டுவோர் எனப் பலர் சொந்தக் கணக்கிலேயே வரவு செலவை நடத்தி வந்தனர். சட்டம் கேளாத ஒன்றை, இடர் வந்த நாளில் வங்கி கேட்டது.

வங்கிகளின் பக்கமும் ஒரு காரணம் உண்டு. வாடிக்கையாளர் இன்னார் என ஆராய்வது, கள்ளப்பணத் தடுப்புச் சட்டம் அவற்றுக்கு விதித்த கடமை. பழையவர்க்கு அவ்வாய்வு முன்பே முடிந்திருந்தது. புதியவர்க்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும். விண்ணப்பங்கள் குவிந்தமையால், சில வங்கிகள் புதிய வணிகக் கணக்குகள் தொடங்குவதையே நிறுத்தி வைத்தன. கணக்கு இல்லையெனில் கடன் இல்லை. கணக்குத் தொடங்கவோ வழியில்லை. அத்திட்டத்தில் பிற்காலத்தில் மோசடிகள் பல வெளிப்பட்டதை நோக்க, ஆய்வே வேண்டாம் என்றும் நாம் சொல்வதற்கில்லை.

எனினும் மாற்று வழி இருந்தது என்பதற்கு அதே அரசே சான்று. அதே மே மாதத்தில் தன்தொழில் செய்வோர்க்கு ஓர் உதவித்தொகையும் வழங்கப்பட்டது. சராசரி இலாபத்தில் 80 விழுக்காடு, மூன்று மாதத்திற்கு, 7,500 பவுண்டு வரை. வரித்துறை தன்னிடமிருந்த வரி அறிக்கைகளைக் கொண்டே தகுதியைக் கணித்தது. வணிகக் கணக்கு உண்டா என வினவவில்லை. ஒருவர் தொழில் செய்கின்றார் என்பதற்கு வரி அறிக்கை ஒரு துறைக்குப் போதிய சான்றாயிற்று, வங்கிக்கு ஆகவில்லை. அறிக்கை அளிக்கும் காலம் வருமுன் புதிதாகத் தொழில் தொடங்கியவரோ அவ்வுதவியையும் தொடக்கத்தில் இழந்தார்.

நம் நாட்டிலும் வாயில் வேறு வடிவில் அமைந்தது. 2020 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம், தொடக்கத்தில், பிப்ரவரி 29 அன்று நிலுவையிலிருந்த கடனில் 20 விழுக்காட்டைக் கூடுதலாக வழங்கிற்று. முன்பே கடன் பெற்றவர்க்கே அது பயன்பட்டது. கடன் வாங்காமல் சிக்கனமாக வாழ்ந்த வணிகர்க்கு அதில் இடமில்லை. நேர்மை குன்றியதனால் அன்று, பதிவு இன்மையால் அவர் வெளியே நின்றார்.

இவற்றால் நாம் அறிவது ஒன்றே. வெள்ளம் வந்தபின் வாய்க்கால் வெட்ட இயலாது. இடர்க்கால உதவி, முன்பே வெட்டப்பட்ட வழியில்தான் பாயும். திட்டம் வகுப்போர், வரி அறிக்கையையும் உள்ளாட்சி உரிமத்தையும் தகுதிச் சான்றாக ஏற்கும் வழியை முன்கூட்டியே அமைத்தல் வேண்டும். அதுவரை நாம் வாளா இருத்தலும் ஆகாது. வீட்டுச் செலவும் கடை வரவும் ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்து கிடக்குமாயின், விற்றுமுதல் எவ்வளவு என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? கடைக்கென ஒரு நடப்புக் கணக்குத் தொடங்குங்கள். ஆதார் எண் கொண்டு கட்டணமின்றி உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அன்றாட வரவு செலவை ஏட்டில் எழுதுங்கள்; வருமானவரி அறிக்கையைக் காலத்தில் அளியுங்கள்.

படிவம் நிரப்பத் தயங்கும் முதிய வணிகர் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவர் அருகில் ஒரு பிற்பகல் அமர்ந்து இவற்றைச் செய்து தருவதை நம் இளைஞர்கள் தொண்டாக ஏற்பாராயின், அடுத்த இடரில் கந்துவட்டிக்காரர் வாயிலில் நிற்போர் சிலரேனும் குறைவர். இவ்வேண்டுகோளை அறக்கட்டளையார் முன் வைக்கின்றேன்.