பூங்கா முகத்துவாரம் வரை போகட்டும்

மணலிப் பகுதியில் உள்ள கடப்பாக்கம் ஏரியைச் சீரமைத்து, கரையில் பூங்கா அமைக்கும் திட்டத்தைச் சென்னை மாநகராட்சி கையில் எடுத்திருக்கிறது. மனமார வரவேற்கிறேன். வடசென்னைக்கு இந்த நகரம் நெடுங்காலமாக வைத்திருக்கும் கடனில் ஒரு சிறு பங்கு இது. ஆனால், கரையில் புல்தரை, சுற்றிலும் வேலி என்று திட்டம் சுருங்கிவிடக் கூடாது. மணலியில் பெய்யும் மழை மணலியிலேயே தங்குவதில்லை. கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. பூங்காவின் எல்லையும் அந்த முகத்துவாரம் வரை நீள வேண்டும் என்பதே என் வாதம்.

இந்தக் கரையின் வரலாறே நீர்வழிகளால் ஆனது. எண்ணூரையும் சென்னையையும் இணைக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய அந்தக் கால்வாயில்தான் நகரத்துக்கு விறகும் உப்பும் படகேறிப் போயின. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தேவாரம் பாடப்பெற்றது திருவொற்றியூர். பட்டினத்தார் சமாதி இருப்பதும் அந்தக் கடலோரத்தில்தான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. இத்தனை பழமை உள்ள ஊர்களைப் பார்த்து, தொழிற்சாலைப் பகுதிதானே, இங்கே எதற்குப் பூங்கா என்று கேட்பவர்கள் உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது 1969-இல். ஊர் அதற்கு வெகுகாலம் முந்தியது. ஆலைகள் வேலை கொடுத்தன, மறுக்கவில்லை. அந்த வேலைக்கு விலையாக நம் காற்றையும் தண்ணீரையும் எழுதிக் கொடுத்ததாக எந்தப் பத்திரமும் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலி இருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் பரவியது. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் படகும் வலையும் கருத்தன. கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய் அப்பியது. மீனவர்களே வாளியால் எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். மணலியின் வடிகாலும் எண்ணூரின் இறாலும் ஒரே தண்ணீரில் இருக்கின்றன என்பதற்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? ஏரியை மட்டும் அழகுபடுத்திவிட்டு, அடுத்த மழையில் எண்ணெய் ஓடக்கூடிய கால்வாயை அப்படியே விட்டால், அந்தத் திட்டம் பாதியில் நின்ற திட்டம்.

முதலில் மழைநீர் வடிகால், பிறகு பூங்கா என்பது இன்னொரு வாதம். சடையங்குப்பத்திலும் மணலி புதுநகரிலும் வீட்டுக்குள் வெள்ளம் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தூர்வாரிய ஏரியும், ஆக்கிரமிப்பு நீங்கிய கால்வாயும், அலையாத்தி வளர்ந்த கழிமுகமும் வெள்ளத்தைத் தாங்கும் இடங்கள்தாமே! அடையாற்றுக் கழிமுகத்தில் கட்டட இடிபாடுகளை அகற்றி, நீர்ப்பரப்பை விரித்து, அதன் பிறகே 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்காவை 2011-இல் திறந்தார்கள். தெற்கே செய்ததை வடக்கே ஏன் செய்யக் கூடாது? மண்ணில் ஊறிய நஞ்சு லேசில் போகாது என்பதும் உண்மை. அமெரிக்காவின் சியாட்டிலில் பழைய எரிவாயு ஆலை நின்ற ஏரிக்கரையை 1975-இல் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே இன்றும் தண்ணீரில் இறங்கத் தடை இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: நடைபாதைக்குக் கல் பதிப்பதற்கு முன்பே ஏரி மண்ணையும் நீரையும் சோதியுங்கள், முடிவைக் கரையிலேயே தமிழில் எழுதி வையுங்கள்.

பூங்கா வந்தால் வாடகை ஏறும், கரையோரக் குடிசைகளை அப்புறப்படுத்துவார்கள் என்ற அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. இந்த நகரத்தில் கரையோர மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிய வரலாறு இருக்கிறது. எனவே திட்டக் குழுவில் எண்ணூர் மீனவக் கிராமங்களின் பிரதிநிதிகளும் சடையங்குப்பம் மக்களும் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். மீனவர் படகு கட்டும் துறைகளைத் திட்ட வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். இந்த இரண்டையும் முதலில் செய்து முடிக்கும்படி மாநகராட்சியை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.