நைஜலும் கவ்பாயும்



2005 பிப்ரவரியில் ஓர் இரவு. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜம்போ ஜெட் ஒன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. உள்ளே சுமார் 350 பயணிகள். தரையை விட்டு எழும்பிச் சில நூறு அடிதான் ஏறியிருக்கும், இடப்பக்க என்ஜின் ஒன்று படார் படாரென்று அதிர்ந்து தீயைக் கக்கியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கே அந்தத் தீ தெரிந்தது. விமானிகள் அந்த என்ஜினை அணைத்துவிட்டு, தங்கள் நிறுவனத்தோடு பேசினார்கள். திரும்பி இறங்குவதில்லை, மிச்சமிருக்கும் மூன்று என்ஜின்களோடு லண்டன் போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள்.

அமெரிக்கக் கண்டத்தையும் அட்லாண்டிக் கடலையும் அப்படியே தாண்டினார்கள். ஒரு என்ஜின் இல்லாததால் வழக்கமான உயரத்துக்கு ஏற முடியவில்லை. தாழப் பறந்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பிரிட்டனை நெருங்கியபோது, ஒரு தொட்டியில் இருக்கும் எரிபொருள் முழுதும் பயன்படுமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. லண்டனை விட்டுவிட்டு, அவசரநிலை அறிவித்து மான்செஸ்டரில் இறங்கினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் அமெரிக்க, பிரிட்டிஷ் விமானிகளுக்கு நடுவே வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்தது அதற்குப் பிறகு பற்றிக்கொண்டது. தீப்பிடித்த விமானத்தில் கடல் தாண்டுவது திமிர் என்றார்கள் அமெரிக்கர்கள். நான்கு என்ஜின் விமானம் மூன்றில் பறப்பது எங்களுக்குப் பழகிய விஷயம், கணக்குப் போட்டுத்தான் போனோம் என்றார்கள் பிரிட்டிஷார். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ., பறக்கும் தகுதியில்லாத நிலையில் விமானத்தை ஓட்டியதாகக் குற்றம் சாட்டி 25,000 டாலர் அபராதம் விதிக்க முன்வந்தது. பிரிட்டிஷ் ஆணையமோ தன் நாட்டு நிறுவனம் விதிப்படிதான் நடந்தது என்றது. நிறுவனம் நடைமுறையை மாற்றிக்கொள்ளும் என்ற உறுதி கிடைத்த பிறகு 2006-இல் எஃப்.ஏ.ஏ. வழக்கைக் கைவிட்டது.

பலரும் கவனிக்காத ஒன்று இதில் உண்டு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட என்ஜின் உள்ள விமானத்தில் ஒன்று நின்றுபோனால், அருகில் இறங்குவதற்கு நிகரான பாதுகாப்பு இருக்கிறது என்று கேப்டன் கருதினால் வேறு நிலையத்துக்குப் போகலாம் என்று அமெரிக்க விதிப்புத்தகமே சொல்கிறது. ஆக, விதியில் இரண்டு நாடுகளுக்கும் பெரிய பகை இல்லை. எவ்வளவு தூரம் போவது நியாயம் என்பதில்தான் வழக்கு. என்னைக் கேட்டால், ஒரு பக்கம் முழுச் சரி, மறுபக்கம் முழுத் தவறு என்று சொல்லிவிட முடியாத வழக்கு அது. ஆனால் விவாதம் அந்தக் கேள்வியோடு நிற்கவில்லை. நாட்டுக் குணத்துக்குத் தாவிவிட்டது.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிக்கு அவர் நாட்டுச் சக விமானிகளே வைத்திருக்கும் பட்டப்பெயர் 'நைஜல்'. விறைப்பான பேச்சு, மேட்டுக்குடித் தோரணை, கேப்டன் என்றால் குட்டி ராஜா என்ற நினைப்பு. அமெரிக்கருக்கு வைத்த பெயர் 'கவ்பாய்'. கை போன போக்கில் ஓட்டுவார், வானொலியில் வாய்க்கு வந்ததைப் பேசுவார் என்று பொருள்.

வானொலிப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷார் ஒவ்வொரு எண்ணையும் விதிப்புத்தகத்தில் உள்ளபடி திருப்பிச் சொல்கிறார்கள், எதற்கு இந்தச் சடங்கு என்று அமெரிக்கர் அலுத்துக்கொள்வதுண்டு. அது சடங்கு இல்லை. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி. தரையிலிருந்து சொல்லும் அழுத்த எண்ணை விமானி அதில் பொருத்த வேண்டும். அமெரிக்காவில் அந்த எண் அங்குலக் கணக்கில் வரும், சராசரி 29.92. பிரிட்டனில் ஹெக்டோபாஸ்கல் கணக்கு, சராசரி 1013. அமெரிக்க விமானி தன் ஊரில் 29.92 என்பதைச் சுருக்கி 'ஒன்பது ஒன்பது இரண்டு' என்று கேட்டுப் பழகியவர். மழையும் காற்றுமான ஒரு நாள் லண்டனில் அழுத்தம் 992 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபுரம் 'ஒன்பது ஒன்பது இரண்டு' என்கிறது. களைத்த காதில் அது 29.92 என்று விழுந்தால், உயரமானி காட்டுவதைவிட விமானம் சுமார் 600 அடி தாழ்வாக இருக்கும். தரை தெரியாத மேகத்துக்குள் 600 அடி என்பது உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி. அதனால்தான் ஆயிரத்துக்குக் கீழான எண்ணோடு அளவையின் பெயரையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்று பிரிட்டனில் விதி இருக்கிறது.

அமெரிக்கர்களும் பிடிவாதக்காரர்கள் அல்லர். ஓடுபாதைக்குள் வந்து காத்திரு என்று சொல்ல அவர்களுக்கென்று தனி வாசகம் இருந்தது. உலகம் முழுதும் சொல்லும் 'லைன் அப் அண்ட் வெயிட்' என்பதை 2010-இல் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சி விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் பெருமை கொஞ்சம் தூக்கல். பிரிட்டனில் ஓர் இளைஞர் பல தாள் தேர்வு எழுதி, இருநூற்றுச் சொச்சம் மணி நேரம் பறந்து முடித்ததும் ஜெட் விமானத்தில் துணை விமானியின் வலப்பக்க இருக்கைக்கு வந்துவிடலாம். அமெரிக்காவில் 2013 முதல் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். 2009-இல் பஃபலோ அருகே 50 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பின் வந்த சட்டம் அது. அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணியைத் தாண்டியவர்கள் என்று பிரிட்டிஷார் சுட்டிக்காட்டுவார்கள், அது உண்மைதான். பிரிட்டிஷ் மாணவர்களில் பலர் வெயிலும் தெளிந்த வானமும் தேடி ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் போய்த்தான் பறக்கக் கற்கிறார்கள் என்பதும் உண்மை.

குரலுக்கு வருகிறேன். வானொலியில் பேசுகிற எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. 1982 ஜூன் 24 இரவு, லண்டனிலிருந்து பம்பாய், நம் சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஜம்போ, ஜாவா தீவின் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்துவிட்டது. நான்கு என்ஜின்களும் நின்றன. சிறிய சிக்கல் ஒன்று இருக்கிறது, நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன, அவற்றை மறுபடி ஓடவைக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம் என்று பயணிகளிடம் அறிவித்தார் கேப்டன் எரிக் மூடி. என்ஜின்கள் உயிர்பெற்றன, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள். பிரிட்டிஷ் நிதானத்துக்கு இன்றுவரை அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

அமெரிக்கர் என்ன, பதறிக் கூவுகிறாரா? ஒலியின் வேகத்தை முதலில் தாண்டிய சக் யேகர், மேற்கு வர்ஜீனியா மலைநாட்டுக்காரர். அவருடைய இழுத்து இழுத்துப் பேசும் அலட்டலற்ற பேச்சுதான் அமெரிக்க விமானிகள் அத்தனை பேர் குரலிலும் ஒலிக்கிறது என்று எழுத்தாளர் டாம் வுல்ஃப் 1979-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். கேட்பவர் நெஞ்சில் கிலி புகாமல் பார்த்துக்கொள்வதுதான் இரண்டு குரலுக்கும் வேலை.

கேப்டனின் கௌரவத்துக்கும் நாடு கிடையாது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், சக்கரக் கோளாறைப் பார்த்தபடி ஒரு கேப்டன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வட்டமடித்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்ததைக் கூட இருந்தவர்கள் அழுத்திச் சொல்லவில்லை. விமானம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், கேப்டனைக் கேள்வி கேட்பது கீழிருப்பவரின் கடமை என்று சொல்லித்தரும் சி.ஆர்.எம். பயிற்சி அமெரிக்காவில் உருவாயிற்று.

1989 ஜனவரியில் பிரிட்டனின் கெக்வொர்த் ஊரருகே விழுந்த விமானத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. கெட்டுப்போனது இடப்பக்க என்ஜின். விமானிகள் அணைத்ததோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலப்பக்கத்தை. வலப்பக்க என்ஜினில்தான் கோளாறு என்று கேப்டன் அறிவிப்பும் செய்தார். இடப்பக்கத்தில் தீப்பொறி பறந்ததை ஜன்னல் வழியே பார்த்த பயணிகளும் பணியாளர்களும் இருந்தார்கள். கேப்டனுக்குத் தெரியாததா என்று சும்மா இருந்துவிட்டார்கள். 47 பேர் போனார்கள். விமானிகளும் பணியாளர்களும் சேர்ந்து பயிற்சி பெற வேண்டும் என்று விசாரணை அறிக்கை எழுதியது.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக்கு மேல் ஒரு டி.சி.-10 விமானத்தின் வால் என்ஜின் சிதறி, இறக்கைகளையும் வாலையும் அசைக்கும் ஹைட்ராலிக் அமைப்பு முழுதும் செத்துப்போனது. கேப்டன் அல் ஹேன்ஸ் அனுபவசாலி. பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டெனிஸ் ஃபிட்ச் உதவ முன்வந்ததும், அவரைக் காக்பிட்டுக்குள் அழைத்துக்கொண்டார். ஃபிட்ச் இரண்டு இருக்கைக்கும் நடுவே இருந்து, மிச்சமிருந்த இரண்டு என்ஜின்களின் விசைத் தண்டுகளைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தைத் திருப்பினார். எந்த ஓடுபாதையிலும் இறங்கலாம் என்று கோபுரம் சொன்னபோது, ஓடுபாதையாகவே வேண்டும் என்கிறீர்களா என்று ஹேன்ஸ் சிரித்தபடி கேட்டது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. சூ சிட்டி நிலையத்தில் விமானம் மோதி உடைந்தது. 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். பிழைத்த ஹேன்ஸ் அதன்பின் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். தன் கெட்டிக்காரத்தனத்தை அவர் பேசவில்லை. அந்தச் சின்ன அறைக்குள் இருந்தவர்களின் பறக்கும் அனுபவத்தைக் கூட்டினால் 103 ஆண்டு, அதை நான் ஒருவனாக வீணாக்கியிருக்கக்கூடாது அல்லவா என்பதுதான் அவர் பேச்சின் சாரம். சி.ஆர்.எம். பயிற்சி தனக்குக் கிடைக்காமல் போயிருந்தால் ஒருவரும் தப்பியிருக்க மாட்டார்கள் என்றும் சொல்லிக்கொண்டே இருந்தார்.