ஓட்டையும் ஒட்டும்

தேயிலை மலைகளில் வாழ்வோர் மழையின் இயல்பை நன்கறிந்தவர்கள். அப்புத்தளைப் பகுதியின் பழைய லயங்களில் அறைகள் பல. அவை அனைத்திற்கும் மேலே ஒரே தகரக் கூரை. அதில் ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால், நீர் தகரத்தின் மடிப்பு வழியே ஓடி அப்பாலுள்ள அறையிலும் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று அறிவது ஒரு காரியம். ஓட்டை எங்கே என்று காண்பது மற்றொரு காரியம். போட்ட ஒட்டு உரிய ஓட்டையை அடைத்ததா என்று ஏறிப் பார்ப்பது மூன்றாவது காரியம். கணினி மென்பொருள் என்னும் கூரைக்கும் இம்மூன்றும் பொருந்தும். அவற்றுள் மூன்றாவதே இன்றைய பேச்சின் பொருள்.

எவரும் படிக்கவும் திருத்தவும் எடுத்தாளவும் உரிமையளித்து வெளியிடப்படுவது திறந்த மூல மென்பொருள். ஒருவர் எழுதிய பகுதியை உலகெங்கும் எண்ணற்ற நிறுவனங்கள் தம் அமைப்புகளில் சேர்த்துக்கொள்கின்றன. இத்துறையில் இலங்கைக்கும் பெருமையுண்டு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரைத் தேடவும் நிவாரணத்தை ஒழுங்குசெய்யவும் இந்நாட்டவர் ஆக்கிய 'சகானா' என்னும் மென்பொருள் பிற நாடுகளின் பேரிடர்களிலும் உதவியது. 2005இல் சஞ்சீவ வீரவரண முதலியோர் தொடங்கிய 'டபிள்யூ.எஸ்.ஓ.டூ' நிறுவனத்தின் திறந்த மூல ஆக்கங்கள் பல நாடுகளில் கையாளப்படுகின்றன.

பலரும் கையாளும் பொருளில் குறையொன்று தோன்றின், அது பலரையும் தாக்கும். அத்தகைய குறைகளுக்குப் பொது எண் அளித்துப் பதியும் 'சி.வி.இ.' என்னும் பட்டியல் 1999 முதல் இருந்து வருகிறது. மேற்சொன்ன இலங்கை நிறுவனத்தின் ஆக்கங்கள் சிலவற்றிலிருந்த குறையொன்று 2022 ஏப்ரலில் இப்பட்டியலில் இடம்பெற்றது. அனுமதி பெறாத அந்நியரும் தம் கோப்பொன்றை உள்ளே ஏற்றி இயக்க அது வழிவிட்டது. அதன் கடுமைக்குப் பத்தில் 9.8 புள்ளி இடப்பட்டது. நிறுவனம் திருத்தத்தை வழங்கியிருந்தும், அதனை ஏற்காத கணினிகளைத் தேடி அம்மாதமே தாக்குதல்கள் தொடங்கின.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நிறுவனத்தின் அறிவித்தலில் அக்குறையின் எண் 2021-1738; பொதுப் பட்டியலிலோ 2022-29464. ஒரே ஓட்டைக்கு இரண்டு பெயர். இரண்டும் ஒன்றே என்று அறியாத அலுவலர், ஒன்றை அடைத்துவிட்டு மற்றொன்றைத் தேடி அலையலாம். அல்லது இரண்டையும் விட்டுவிடலாம்.

திருத்தத்தைத் தேடுவது கடினமாவதற்கு வேறு காரணங்களும் உள. மென்பொருளில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. எனினும், பாதுகாப்புக்காகச் செய்த மாற்றத்தில் 'பாதுகாப்பு' என்னும் சொல்லே இல்லாதிருத்தல் உண்டு. திருடருக்குத் துப்புக் கொடுக்கலாகாது என்று சிலர் வேண்டுமென்றே அதனை விடுகின்றனர். சிலர் வேறு பல மாற்றங்களோடு கலந்துவிடுகின்றனர். ஆகவே தேடுவோர், குறையுள்ள கடைசிப் பதிப்பையும் குறை நீங்கிய முதற் பதிப்பையும் அருகருகே வைத்து, வரிவரியாக ஒப்புநோக்குகின்றனர்.

பதிப்பெண்ணை நம்பினாலும் ஏமாற நேரும். 2014 ஏப்ரல் 7ஆம் நாள் வெளிப்பட்ட 'ஆர்ட்பிளீட்' என்னும் குறை, இணையத் தொடர்புகளின் இரகசியத்தைக் காக்கும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' மென்பொருளில் இருந்தது. 1.0.1 ஜி என்னும் பதிப்பில் அது நீங்கிற்று. 'டெபியன்' தொகுப்பினரோ, 1.0.1 ஈ என்னும் பழைய பதிப்பிலேயே திருத்தத்தைப் புகுத்தினர். எண்ணை மட்டும் பார்ப்பவர், நலமானதை நோயுற்றதென்று எண்ணக்கூடும். 'லொக்ஃபோர்ஜே' என்னும் மென்பொருளின் குறைக்கு 2021 டிசம்பரில் வந்த 2.15.0 பதிப்பு முழுமையான தீர்வாகவில்லை, அம்மாதமே 2.16.0, 2.17.0 என அடுத்தடுத்து ஒட்டுகள் வேண்டியிருந்தன. முதல் ஒட்டோடு ஓய்ந்தவர் நனைந்தபடியே நின்றனர்.

திருத்தம் இருந்தும் அது போய்ச் சேராமையால் விளைந்த கேட்டுக்கு அமெரிக்காவின் 'எக்குவிபாக்ஸ்' நிறுவனம் சான்று. 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்னும் மென்பொருளின் குறைக்கு 2017 மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது. மே மாதத்தில், அடைக்கப்படாத அதே வழியால் நுழைந்தவர்கள் ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் மக்களின் விவரங்களைக் கவர்ந்தனர்.

இஃது எங்கோ நடக்கும் செய்தியன்று. தோட்டத் தொழிலாளியின் சேமலாப நிதிக் கணக்கும், அவர்தம் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறும் இன்று கணினியில்தான் இருக்கின்றன. அவற்றைக் காக்கும் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஓர் ஏடு இருத்தல் வேண்டும். எந்த மென்பொருள், அதனுள் பிறர் எழுதிய பகுதிகள் எவை, எந்த எச்சரிக்கை வந்தது, அதற்குரிய திருத்தம் எது, அதனை இட்டவர் யார், இட்டபின் சோதித்தவர் யார் என்று அதில் எழுதப்பட வேண்டும். கடைசி வினாவுக்கு விடை இல்லாதவரை அக்குறை தீர்ந்ததென்று கொள்ளலாகாது.

எச்சரிக்கை வேறு, பாதுகாப்பு வேறு என்பதை ஊவா மக்கள் பெருந்துயரின் மூலம் கண்டவர்கள். அப்புத்தளைக்கு அண்மையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. அந்நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. மக்களோ மலையடியிலேயே இருந்தனர். எந்தத் துறையிலாயினும், அறிந்த ஆபத்துக்குரிய மாற்று உரிய வாசலை அடைந்ததா என்று கடைசிவரை தொடர்ந்து சென்று பார்ப்பவரே காவலர். அப்பணிக்கு ஆரவாரம் இல்லை. மழைக்கு முன் கூரையேறும் பொறுமையே அதற்கு வேண்டுவது.