கையும் வேண்டும், சங்கமும் வேண்டும்

(மும்பையில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சிலம்பமும் தற்காப்புக் கலையும் சொல்லிக்கொடுக்க வகுப்பு தொடங்க வேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் இருக்கிறது. அதை ஆதரித்துப் பேச வந்திருக்கிறேன். ஆதரிக்கிறவன் என்பதாலேயே, அந்த வித்தை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

சினிமாவில் ஒருவன் பத்துப் பேரை வீழ்த்துகிறான். அந்தப் பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து அடி வாங்கிக்கொள்கிறார்கள். தெருவில் அடிக்க வருகிறவன் வரிசையில் நின்று வரமாட்டான். அப்படியானால் வித்தை கற்று என்ன பயன்?

பயன் உண்டு. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வருகிற நம் வீட்டுப் பெண்ணின் கையை ஒருவன் பிடித்து இழுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகாத உடம்பு அந்த நொடியில் உறைந்துபோகும், குரல்கூட வராது. பழகிய உடம்பு காலை ஊன்றும், பிடியை உதறும், கூச்சல் போடும், ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடும். அந்த இரண்டு மூன்று நொடிகளை வெல்வதுதான் தற்காப்பு. எதிரியைக் கீழே வீழ்த்திக் காட்டுவது அல்ல.

கனடாவில் பல்கலைக்கழக மாணவிகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2015 ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு 12 மணி நேரப் பயிற்சி. மற்றொரு பிரிவினருக்குப் படிக்கத் துண்டுப் பிரசுரங்கள் மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 100 க்கு சுமார் 5 பேரும், பெறாதவர்களில் சுமார் 10 பேரும் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள். அந்தப் பயிற்சியில் அடியும் உதையும் ஒரு பகுதிதான். ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்வது, தெரிந்தவன்தானே என்ற தயக்கத்தை உடைப்பது, வாய்விட்டு மறுப்பது ஆகியவையும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. "பெண்பிள்ளைக்கு எதற்கு அடிதடி?" என்று கேட்கும் தகப்பன்மார் இதைச் சிந்திக்க வேண்டும்.

அடுத்து, எதைக் கற்பது? பெயர் முக்கியமல்ல, முறை முக்கியம். ஜப்பானில் 1882 ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, எதிர்த்து நிற்கும் கூட்டாளியோடு பழகுவதைப் பயிற்சியின் உயிராக வைத்தார். குத்துச்சண்டையும் மல்யுத்தமும் அப்படித்தான். விட்டுக்கொடுக்காத ஆளோடு பழகினால்தான் அடி எப்படி வரும், பயம் எப்படி வரும் என்று உடம்புக்குத் தெரியும். நம் சிலம்பத்திலும் கம்பைச் சுழற்றிக் காட்டுவது ஒன்று. எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் போட்டி வேறொன்று. இரண்டும் வேண்டும். கம்பை மின்சார ரயிலில் கொண்டுபோக முடியாதே என்பார்கள். கம்பு வராவிட்டாலும் காலடி நம்மோடு வரும். எட்ட நிற்கும் பழக்கம் வரும். எதிர்ப் பயிற்சி இல்லாமல் மூன்று மாதத்தில் பெல்ட் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

எதற்கு உதவாது என்பதையும் சொல்கிறேன். கத்தி வைத்திருப்பவனிடம் பர்ஸைக் கொடுத்துவிட்டு உயிரோடு வீட்டுக்கு வருவதே வித்தை. கும்பலிடமும் வித்தை செல்லாது. இந்த நகரில் 1960 களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களின் ஓட்டல்கள் தாக்கப்பட்டன. பெங்களூரில் 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் நம் மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். 2016 செப்டம்பரிலும் அங்கே தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. இருநூறு பேர் தீப்பந்தத்தோடு வரும்போது எந்தக் கராத்தே காப்பாற்றும்? அங்கே காப்பது பக்கத்து வீட்டுக்காரனின் நட்பு, நேரத்தோடு வரும் தகவல், அதிகாரிகளை அசைக்கும் சங்கத்தின் பலம்.

ஆகவே நம் பிள்ளைகள் மராத்திப் பிள்ளைகளோடு சேர்ந்து பழக வேண்டும். இந்த மண்ணிலும் வித்தை உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்று, சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கம் கொண்டுவந்த காஷாபா ஜாதவ் மகாராஷ்டிரக் கிராமத்துக்காரர். இங்குள்ள மர்தானி கேலில் சுழலும் கம்பு நம் சிலம்பத்துக்கு உறவுதான். ஒரே களத்தில் புழுதி பூசிக்கொண்ட பிள்ளைகளை நாளைக்கு எவனும் எளிதில் மோதவிட முடியாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் நமக்குத் தருகிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த அந்தப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ளன. ஆனால் அதற்கு வரம்பு உண்டு. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. ஆபத்து நீங்கியதும் உரிமையும் நீங்கும். ஓடுகிறவனைத் துரத்தி அடித்தால் நாம்தான் குற்றவாளி. ஐந்து பேர் அடிதடி நோக்கத்தோடு கூடினாலே அது சட்டவிரோதக் கூட்டம். அதில் கல் எறிந்தவன் ஒருவனானாலும் வழக்கு எல்லோர் மேலும் பாயும். பிழைக்க வந்த குடும்பத்துப் பையன் மேல் ஒரு வழக்கு விழுந்தால் அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் விசாரணை வரும்போது அது குறுக்கே நிற்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தோள் திரண்ட பையனைத் தேடிச் சிலர் வருவார்கள். பிரியாணியும் பைக்கும் தந்து, வாடகை வசூலுக்கும் தேர்தல் அடிதடிக்கும் கூப்பிடுவார்கள். பையன் சிறைக்குப் போன பிறகு அவனைத் தெரியாது என்பார்கள். அடியாள் தயாரிக்க நாம் வகுப்பு நடத்தவில்லை.

நான் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்வது இவைதான். வகுப்பில் பாதி இடம் பெண்பிள்ளைகளுக்கு. முடிந்தால் பெண் ஆசிரியர். எந்தக் கட்சிக் கொடியும் களத்தில் கூடாது. மாதம் ஒரு நாள் வழக்கறிஞர் வந்து சட்டம் சொல்ல வேண்டும். ரயிலில் ஆபத்தென்றால் 139, வெளியே 112 என்ற எண்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக வேண்டும். "இது எங்கள் எல்லை இல்லை" என்று எந்தக் காவல் நிலையமும் புகாரைத் தட்டிக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புகார் கொடுக்கப் போகும் பெண்ணோடு சங்கத்தார் இருவர் துணை போக வேண்டும்.

கூலியைப் பிடித்துக்கொள்ளும் காண்ட்ராக்டரையும், குடிசையை இடிக்க வரும் இயந்திரத்தையும் குத்துச்சண்டையால் வெல்ல முடியாது. அதற்குச் சங்கம் வேண்டும். தெருமுனையில் கையைப் பிடிப்பவனிடமிருந்து தப்ப, சங்கம் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. அதற்குக் கை வேண்டும். இரண்டையும் நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றித் தருமாறு கேட்டு அமர்கிறேன்.