கணினியின் காய்ச்சல்

உழைப்பவன் உடல் வியர்ப்பது இயற்கை. வியர்வை ஆறுவதற்குக் காற்றில்லையெனின் அவன் கை தளர்கின்றது. அதன் மேலும் வேலை வாங்கினால் மயங்கி வீழ்கின்றான். இயந்திரங்களும் இந்நியதிக்கு விலக்கல்ல. நிழற்படங்களைச் செப்பனிடும் கணினியிடத்தே இதனைத் தெளிவாகக் காணலாம்.

யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவிலே சிறியதொரு ஸ்ரூடியோவை நேயர்கள் மனக்கண்ணாற் காண்பார்களாக. காலமோ கலியாண காலம். முதல்நாள் எடுத்த அறுநூறு படங்களையும் திருத்தி, மறுநாட் காலையில் அல்பத்தை அச்சுக்கு அனுப்புதல் வேண்டும். மேசையில் தடித்த துணி விரித்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்து, படப்பிடிப்பாளர் வேலை செய்கின்றார். நண்பகலாகும்போது உள்ளிருக்கும் விசிறி இரைகின்றது. பத்து விநாடியில் முடிந்த வேலைக்கு இப்போது முப்பது விநாடி செல்கின்றது. ஈற்றில் திரை திடீரென இருண்டு விடுகின்றது. சேமியாதிருந்த இரண்டு மணி நேரத் திருத்தம் மறைந்து போகின்றது. கணினி பழுதாகிவிட்டது, புதியதொன்று வாங்க வேண்டும் என்பதே அவருக்கு முதலிலே தோன்றும் எண்ணம். பெரும்பாலும் அவ்வெண்ணம் தவறானது. கணினி பழுதாகவில்லை, பழுதாகாமல் தன்னைத் தானே காத்துக் கொண்டது.

இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். கணினியின் செயலி எனப்படும் சில்லிலே கோடிக்கணக்கான திரான்சிஸ்ரர்கள் இடையறாது திறந்து மூடுகின்றன. அதற்கென உட்செல்லும் மின்சக்தி முழுவதும், ஏறக்குறைய எச்சமின்றி, வெப்பமாகவே மாறுகின்றது. இது புதிய தொல்லையன்று. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோஉவாற்று மின்வலுவை உண்டது. அதனைக் குளிர்விக்கப் பெரிய காற்றூதிகள் வேண்டியிருந்தன. இன்றைய மடிக்கணினியின் செயலியோ கடும் வேலையில் 45 உவாற்று அளவே உண்ணலாம். ஆயினும், அவ்வெப்பம் ஒன்றரைச் சதுர சென்ரிமீற்றர் அளவான சிறு சில்லிலே பிறக்கின்றது. 1,000 உவாற்று மின்னழுத்தியின் அடித்தட்டு ஏறக்குறைய 200 சதுர சென்ரிமீற்றர் பரப்புடையது. பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால், துணி தேய்க்கும் மின்னழுத்தியைப் போல் ஆறு மடங்கு வெப்பம் அச்சில்லிலிருந்து எழுகின்றது.

கடிதம் எழுதும்போது எழாத வெப்பம் படந்திருத்தும்போது மட்டும் எழுவதேன்? கடிதம் எழுதுகையிற் செயலி பெரும்பகுதி நேரமும் ஓய்ந்திருக்கின்றது. கமெராவின் படமொன்றிலோ 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்கள். நிறமொன்றுக்கு இரண்டு பைற்று எனக் கொண்டால், ஒரே படத்துக்கு 14 கோடியே 40 இலட்சம் பைற்று. படத்தின் மேல் அடுக்குகள் ஏற ஏற இச்சுமையும் பெருகும். அறுநூறு படங்களையும் ஒருங்கே வெளியேற்றும்படி பணித்தால், செயலியின் எல்லாப் பகுதிகளும் மணிக்கணக்காக மூச்சுவிடாமல் உழைக்கின்றன.

எழுந்த வெப்பம் வெளியேறும் வழி பின்வருமாறு. சில்லின்மேல் வெப்பங் கடத்தும் பசை. அப்பசையின்மேல் செப்புக் குழாய். குழாயின் முடிவில் மெல்லிய தகடுகள். தகடுகளுக்கூடே காற்றைத் தள்ளும் விசிறி. செப்புக் குழாயினுள்ளே சிறிதளவு நீர் அடைக்கப்பட்டுள்ளது. அது சூடான முனையில் ஆவியாகிக் குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகின்றது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் இத்தகைய வெப்பக் குழாயை உருவாக்கினார். இவ்வழியில் எங்கேனும் அடைப்பு நேர்ந்தால், சில்லின் வெப்பநிலை விரைந்து ஏறுகின்றது. பல செயலிகளில் அது 100 பாகை செல்சியசை அண்மித்ததும், செயலி தன் வேகத்தைத் தானே குறைக்கின்றது. அதற்கும் அடங்காவிடின் கணினி நின்று விடுகின்றது.

எனவே முதற் சிகிச்சை காற்றுக்கு வழிவிடுதலாகும். துணி, தலையணை, மெத்தை ஆகியவற்றின்மேல் மடிக்கணினியை வைத்தல் அதன் மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பாகும். வெறும் பலகையில் வைத்து, பின்புறத்தை இரண்டு மரத்துண்டுகளால் ஓரங்குலம் உயர்த்தினாலே பயன் தெரியும். தகடுகளிடையே பஞ்சுபோற் படியும் தூசியை அவ்வப்போது அகற்றுதல் வேண்டும். அவ்வேளையில் மின்னிணைப்பை நீக்கி, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டே காற்றை ஊதுதல் நன்று. பல ஆண்டுகள் உழைத்த கணினியிற் பசை உலர்ந்திருக்கலாம். அதனை மாற்றுவது அறிந்தவர் கைவேலை.

அறையின் வெப்பமும் கணக்கிற் சேரும். 20 பாகை அறையோடு ஒப்பிட, 32 பாகை அறையிற் கணினி வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு குறைகின்றது. ஆதலால் படங்களை மொத்தமாக வெளியேற்றும் வேலையை இரவுக்கோ விடியலுக்கோ ஒதுக்குவதும், அறுநூற்றையும் நூறு நூறாகப் பிரிப்பதும் அறிவுடைமை.

வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுப்பதும் இலாபமே. செயலி உச்ச வேகத்தை எட்டுவதற்கு வோல்ற்றளவும் உயர்த்தப்படுகின்றது. வெப்பமோ வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறுகின்றது. விண்டோஸ் கணினிகள் பலவற்றில், மின்வலு அமைப்பிலே செயலியின் உச்சநிலையை நூற்றுக்கு 100 இலிருந்து 99 ஆக்கினாலே அம்மிகைவேகம் நின்றுவிடும். வேலை சற்றே தாமதிக்கும். சூடு பெரிதும் தணியும்.

செய்யத்தகாதனவும் உண்டு. பனிக்கட்டியால் ஒற்றுதலும் குளிர்ப்பெட்டியுள் வைத்தலும் கூடா. நமது ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தின்மேல் நீராகப் படிந்து மின்சுற்றைக் கெடுத்துவிடும். நீடித்த சூடு மின்கலத்தையும் நலிவிக்கின்றது. கணினியின் அடிப்புறம் வீங்கக் கண்டால், அக்கணமே வேலையை நிறுத்துதல் வேண்டும். வீங்கிய மின்கலத்தை அமுக்குவதும் குத்துவதும் தீயை அழைப்பதாகும்.

இவை யாவும் செய்தபின்னரும், திருத்தத்தை அடிக்கடி சேமித்தலும், மூலப் படங்களை வேறோரிடத்திற் பிரதிசெய்து வைத்தலும் மறக்கத்தகாதன. கணினியைக் காசு கொடுத்து மீண்டும் வாங்கலாம். தாலி கட்டிய கணத்தையும், அருகில் நின்று ஆசி கூறிய பாட்டியின் முகத்தையும் எக்கடையிலும் வாங்க இயலாது. விசிறி இரையும்போதே எழுந்து, துணியை அகற்றி, சேமித்துவிட்டு, ஒரு தேநீர் அருந்தி வருபவர் தம் நேரத்தை இழப்பதில்லை. இரண்டு மணி நேர உழைப்பை மீட்டுக் கொள்கின்றார்.